கிணற்றுக் கல்லின் வயது



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம். மழை பெய்தால் காலை விடாது. கோடையிலோ பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். குண்டாற்றில் நீர் ஓடும் நாட்கள் ஆண்டில் சிலவே. கண்மாய் வற்றியபின் இவ்வட்டாரத்து உழவனுக்குக் கிணறு ஒன்றே கதி. கிணறும் வற்றினால் அதனை மேலும் ஆழப்படுத்துவான்; வேறு வழி இல்லை.

1988-ஆம் ஆண்டு மார்ச் மாதம். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிது. என் வகுப்பிலிருந்த மாணவன் ஒருவன் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்தான். முந்திய நாள் அவன் தந்தையார் தோட்டத்துக் கிணற்றில் வேட்டு வைத்தபோது பெயர்ந்த கல் அது. தேங்காய் மூடியளவு இருக்கும். சாம்பல் நிறத்தில் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாய் இருந்தது. அவ்வரிகளையெல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு இரண்டு விரற்கடை அகலத்தில் வெள்ளைக் கீற்று ஒன்று ஓடியது.

"இது எத்தனை வருஷத்துக் கல், சார்?" என்று கேட்டான்.

புத்தகம் ஒன்றில் படித்த எண் நினைவில் இருந்தது. "முந்நூறு கோடி ஆண்டு" என்றேன். அவன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். பிறகு தலையை நிமிர்த்தி, "அதை யார் சார் எண்ணினது?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் அப்போது இல்லை. "பாடத்தைக் கவனி" என்று அவனை உட்கார வைத்துவிட்டேன். அன்று அவனுக்குச் சொல்லத் தவறியதையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்துள்ளேன்.

பாறையின் வயதைக் கேட்பவன் உண்மையில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறான். எது முந்தியது, எது பிந்தியது என்பது ஒன்று. எத்தனை ஆண்டு என்பது மற்றொன்று. முன்னதை ஒப்பு வயது என்றும், பின்னதைத் தனி வயது என்றும் நிலவியலார் கூறுவர். இவ்விரண்டும் வேறு வேறு என்பதை நம் பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளைக் கொண்டே விளக்கலாம். பாண்டியர் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை, இன்ன மன்னனுக்கு ஆட்சியாண்டு ஐந்து, ஆட்சியாண்டு எட்டு என்றே காலம் குறிக்கும். ஐந்துக்குப் பின் எட்டு என்ற வரிசை தெளிவு. ஆனால் அந்த எட்டாம் ஆண்டு இன்றைக்கு எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்று அக்கல்வெட்டு சொல்லாது. பழனிக்கு அருகே ஐவர்மலையில் வரகுண பாண்டியனின் கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் ஆட்சியாண்டு எட்டு என்பதோடு, சக ஆண்டு 792 என்றும் பொறித்திருக்கிறது. சக ஆண்டு 792 என்பது கி.பி. 870. ஆகவே வரகுணன் அரசு கட்டில் ஏறியது 862 என்பது கிடைத்துவிட்டது. அந்த ஒரு கல்வெட்டால் அம்மன்னனின் ஏனைய கல்வெட்டுகள் யாவும் ஆண்டு பெற்றன. பாறைகளின் கதையும் இதுவே. ஆட்சியாண்டுகள் ஏராளம், சக ஆண்டுகள் அரிது.

முதலில் வரிசையைப் பார்ப்போம். கிணற்றின் உட்சுவரைப் பாருங்கள். மேலே கரிசல். அதன்கீழ் சுக்கான் கற்கள் விரவிய மண். அதற்கும் கீழே கையால் உதிர்க்கக்கூடிய சரளை. அதன்பின் கடப்பாறையும் இறங்காத பாறை. படிந்த அடுக்குகளுள் கீழ் உள்ளது முந்தியது, மேல் உள்ளது பிந்தியது என்ற விதியை 1669-இல் ஸ்டெனோ என்னும் டேனிஷ் அறிஞர் எழுதி வைத்தார். எளிய விதிதான், எனினும் கண்ணை மூடிக்கொண்டு ஆளக்கூடிய விதி அன்று. நம் கிணற்றில் சரளை என்பது அடியிலுள்ள பாறையே நைந்து உதிர்ந்ததுதான். வெளியிலிருந்து வந்து படிந்ததன்று. மேலும் கரிசலின் குணத்தை நீங்கள் அறிவீர்கள். கோடையில் ஆள் கைபோகுமளவு வெடிப்பு விடும். மேலே கிடந்த ஆட்டுப் புழுக்கையும் பருத்திக் கொட்டையும் அவ்வெடிப்பில் விழுந்து ஆழத்துக்குப் போய்விடும். மழை வந்ததும் மண் உப்பி வாய் மூடிக்கொள்ளும். பின்னர் தோண்டுகிறவன், ஆழத்தில் கிடைத்தது ஆகையால் பழையது என்றால் ஏமாந்தே போவான். அடுக்கு குலையாதிருக்கிறதா என்று பார்த்த பின்னரே ஸ்டெனோவின் விதியைக் கையாள வேண்டும். பெருமலைகளில் அடுக்குகள் மடிந்து தலைகீழாய்க் கவிழ்ந்து கிடக்கும் இடங்களும் உண்டு.

(கரிசல் என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து உண்டானது என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். மராட்டிய நாட்டுக்கு அது சரி. அருப்புக்கோட்டைக் கரிசலுக்கு அடியில் எரிமலைப் பாறை கிடையாது. இங்குள்ள பழம்பாறைகள் வறண்ட வெப்ப நாட்டில் நெடுங்காலம் நைந்து உண்டான கரிசல் இது.)

இனி அந்த வெள்ளைக் கீற்று. ஈரக் கரிசலில் மாட்டின் குளம்படி பதிந்திருக்கிறது. அக்குளம்படியை அறுத்துக்கொண்டு ஒரு வண்டித் தடம் போகிறது. மாடு முந்தியதா, வண்டி முந்தியதா? வண்டி பிந்தியதே என்று சிறு பிள்ளையும் சொல்லும். பாறையிலும் அவ்வாறே. வெட்டுவது எதுவோ அது, வெட்டப்படுவதற்குப் பிந்தியது. வரியோடிய அச்சாம்பற் பாறையை நிலவியலார் நைஸ் என்பர். வெள்ளைக் கீற்றில் பெரும்பகுதி நாம் வெங்கச்சங்கல் என்று கூறும் படிகக் கல். அக்கீற்று வரிகளை அறுத்துச் செல்வதால், வரிகள் உண்டான பின்னரே அது புகுந்தது என்று அந்த மாணவனே சொல்லியிருக்கக்கூடும், நான் கேட்டிருந்தால்.

நம் வட்டாரத்தில் இதற்குமேல் வரிசை காண்பது கடினம். ஏன் என்பதை அறிய வடக்கே அரியலூர்ப் பக்கம் சென்று வரவேண்டும். அங்கே கடலடியில் படிந்த சுண்ணாம்பும் மணலும் களியும், கவிழாமல் குலையாமல் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுள் கிளிஞ்சல்களும், சாளக்கிராமத்தில் காண்பது போன்ற சுருள் வடிவ அம்மோனைட்டுகளும் கல்லாகி உறைந்துள்ளன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-இல் தொடங்கிய சில ஆண்டுகளில் பிளான்போர்டு என்பவர் அங்கே நடந்து நடந்து பார்த்து, அப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து 1862-இல் வெளியிட்டார். ஒவ்வொரு தொகுதிக்கும் உரிய உயிர்கள் வேறு. ஓர் உயிரினம் மறைந்தபின் மேலடுக்குகளில் அது திரும்பவும் தோன்றுவதில்லை. ஆகவே ஐரோப்பாவில் அதே அம்மோனைட்டு உள்ள அடுக்கும் அரியலூர் அடுக்கும் ஒரே காலத்தன என்று சொல்ல முடிந்தது. இவ்வளவும் செய்த பிளான்போர்டுக்கு அவை எத்தனை ஆண்டுப் பழமை என்பது தெரியாது. அன்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. இருந்தும் அவர் கண்ட வரிசை இன்றும் நிற்கிறது. அவருக்குப் பிந்தியவர்கள் அவ்வரிசைக்கு எண்களை இட்டனர். ஏறக்குறைய 11 கோடி ஆண்டிலிருந்து 6½ கோடி ஆண்டு வரை என்று.

நமக்கு அந்தக் கிளிஞ்சல்கள் இல்லை. பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள், சிமெண்டுக்குப் போகிறது. உடைத்துப் பாருங்கள், கற்கண்டு போல் மின்னும். ஒரு காலத்தில் அதுவும் கடலடிச் சேறாக இருந்தது. பின்னர் நிலத்தின் ஆழத்தில் வெந்து, பழைய உருவம் யாவும் அழிந்து, முழுவதும் பளிங்காக மாறிவிட்டது. எழுத்து அழிந்த கல்வெட்டு எனலாம். இத்தகைய நாட்டில் ஆண்டு காண வேறு வழி வேண்டும்.

வழி இல்லாத காலத்தில் பெரியவர்கள்கூடத் தவறினார்கள். கெல்வின் பிரபு, உருகிய நிலவுலகம் குளிர்ந்து இந்நிலையை அடைய எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்று கணக்கிட்டு, இறுதியில் 2 கோடி முதல் 4 கோடி ஆண்டு என்றார். அரியலூர்ப் படிவுகளின் வயதுக்கே அது போதாது! 1896-இல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டார். அதன்பின்னரே பாறைகளுக்குள் ஒரு கடிகாரம் இருப்பது தெரியவந்தது.

அக்கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தாயம் ஆடுவதற்கு ஒருபுறம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள் நூறு எடுத்துக்கொள்ளுங்கள். குலுக்கிப் போடுங்கள். வெள்ளை மேலாக விழுந்தவற்றை விலக்குங்கள். ஏறக்குறைய ஐம்பது மிஞ்சும். மிஞ்சியவற்றை மறுபடி குலுக்குங்கள், இருபத்தைந்து. பிறகு பன்னிரண்டோ பதின்மூன்றோ. எந்தக் கொட்டை எப்போது விழும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் கூட்டமாக எடுத்தால் கணக்குப் பிசகாது. யுரேனிய அணுக்கள் இவ்வாறே சிதைந்து, முடிவில் ஈயமாகின்றன. ஒரு குலுக்கலுக்கு ஆகும் காலத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். யுரேனியம் 238-க்கு அது 447 கோடி ஆண்டு. வெப்பமோ அழுத்தமோ அதனை விரைவுபடுத்தவும் இல்லை, தாமதிக்கச் செய்யவும் இல்லை. ஆகவே ஒரு மணியினுள் யுரேனியம் இவ்வளவு, அதிலிருந்து பிறந்த ஈயம் இவ்வளவு என்று அளந்துவிட்டால், காலம் கணக்கில் வந்துவிடும்.

கேட்பதற்கு எளிது. செய்தபோது நேர்ந்ததைக் கேளுங்கள். நமக்கு மிக அருகில் நடந்தது. ஆனந்த குமாரசாமியை நீங்கள் அறிவீர்கள். நடராசர் திருநடனத்தைப் பற்றி எழுதிய கலைமேதை. அவர் முதலில் நிலவியலார் என்பது பலருக்குத் தெரியாது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக இருந்தார். அவ்வாய்வுக் காலத்தில், 1904-இல், சப்பிரகமுவைப் பகுதியின் இரத்தினக்கல் சரளையில் கிடைத்த கறுத்துக் கனத்த சிறு கனசதுர மணிகள் உலகறிய வந்தன. லண்டனில் டன்ஸ்டன் அவற்றை ஆராய்ந்து, தோரியம் மிகுந்திருக்கக் கண்டு, தோரியானைட் என்று பெயரிட்டார். அமெரிக்காவில் போல்ட்வுட் என்ற இரசாயனப் பேராசிரியர் யுரேனியமும் ஈயமும் கொண்டு பல நாட்டுக் கனிமங்களுக்கு வயது கணக்கிட்டு 1907-இல் வெளியிட்டார். அப்பட்டியலில் மிகப் பெரிய எண்ணைப் பெற்றது இலங்கைத் தோரியானைட்: 220 கோடி ஆண்டு. 1911-இல் இருபத்தோரு வயது இளைஞரான ஆர்தர் ஹோம்ஸ் இலங்கைக்கு 164 கோடி என்று திருத்திக் கூறினார். அதுவும் அவர் பட்டியலில் மிகப் பெரிய எண்ணே.

இன்று இலங்கைப் பாறைகளின் அக்கனிமங்களுக்கு நாம் காணும் வயது 50 முதல் 60 கோடிதான். போல்ட்வுட் கண்டது ஏறக்குறைய நான்கு மடங்கு மிகை. கடிகாரம் பழுதா? இல்லை. தோரியமும் சிதைந்து ஈயமாகிறது என்பதைப் போல்ட்வுட் ஒப்பவில்லை. தோரியம் பெற்ற பிள்ளைகளையும் யுரேனியத்தின் கணக்கில் சேர்த்துவிட்டார். ஒரே தனிமத்தில் எடை வேறுபட்ட அணுக்கள் உண்டு என்று 1913-இல் சாடி எடுத்துரைத்த பின்னர் உண்மை விளங்கியது. யுரேனியம் 238 தருவது ஈயம் 206. யுரேனியம் 235 தருவது ஈயம் 207. தோரியம் தருவது ஈயம் 208. சிதைவால் பிறவாத ஈயம் 204 என்பதும் உண்டு. இவற்றை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி வந்தபின் எண்களை நம்ப முடிந்தது. ஹோம்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் தம் எண்களைத் தாமே திருத்திக்கொண்டிருந்தார். 1956-இல் பாட்டர்சன் விண்கற்களின் ஈயத்தை அளந்து நிலவுலகின் வயது 455 கோடி ஆண்டு என்றார். அவ்வெண் இன்றளவும் ஏறத்தாழ அப்படியே நிலைத்திருக்கிறது.

இக்காலத்தில் இதற்கு மிகவும் பயன்படும் கனிமம் சிர்கான். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே, அதுதான். அது உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். ஈயத்தை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கும். ஆகவே பின்னர் அதனுள் காணும் ஈயம் அங்கேயே பிறந்தது. 55 கோடி ஆண்டான சிர்கானில், மிஞ்சியிருக்கும் 1,000 யுரேனியம் 238 அணுக்களுக்கு 89 ஈயம் 206 அணுக்கள் இருக்கும். 250 கோடி ஆண்டானால் 474 இருக்கும். யுரேனியம் 235-இன் அரை ஆயுள் 70 கோடி ஆண்டு. அது வேறொரு வேகத்தில் ஓடும் இரண்டாம் கடிகாரம். இரண்டும் ஒரே மணி காட்டினால்தான் அறிஞர் ஒப்புவர். காட்டாவிட்டால் இடையில் ஈயம் கசிந்திருக்கிறது என்று கொள்வர். ஒரே கல்லில் இரண்டு சாட்சிகள். போல்ட்வுட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இனி நம் கல்லுக்கு வருவோம். நம் வட்டாரம் மதுரைத் தொகுதி என்று நிலவியலார் பெயரிட்ட பெரும் பாறைப் பகுதியைச் சேர்ந்தது. இப்பகுதிச் சிர்கான் மணியை அறுத்து மெருகிட்டுப் பார்த்தால், மரத்தின் வைரமும் வெளிக்கட்டையும் போல நடுவில் ஒன்றும் அதைச் சூழ்ந்து மற்றொன்றுமாக வளர்ந்திருப்பது தெரியும். 1980-ஆம் ஆண்டை ஒட்டி ஆஸ்திரேலியாவில் உருவான கருவியால், தலைமயிரின் பருமனுக்கும் குறைவான இடத்தைத் தனியே சுரண்டி அளக்க முடிந்தது. வெளிச்சுற்று இத்தொகுதி முழுவதிலும் ஏறக்குறைய 55 கோடி ஆண்டு காட்டுகிறது. நடுப்பகுதி இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. தொகுதியின் வடபாலும் மேற்பாலும் உள்ள சில மலைப்பாறைகளில் அது 250 கோடி. வேறு சில பாறைகளில் 80 கோடியை ஒட்டியது.

ஒரு கல்லுக்கு இரண்டு வயதா? ஆம். பானைக்கு வயது கேட்டால் குயவன் என்ன சொல்வான்? களிமண் குளத்தில் படிந்தது ஒரு நாள். சூளையில் சுட்டது வேறொரு நாள். 55 கோடி ஆண்டுக்கு முன் இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் ஒன்றையொன்று நெருக்கிக் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இணைந்துகொண்டிருந்தன. அந்நெருக்குதலில் நம் பாறைகள் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தன. சில இடங்களில் வெப்பம் 900 பாகையையும் கடந்தது. இலங்கைத் தோரியானைட்டும் அதே பெரும் வேக்காட்டைச் சார்ந்தது. பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் பளிங்கானதும் அதனால்தான். ஆகவே அதன் வயதை நாம் இப்படிக் கூறலாம்: கடலடியில் படிந்தது 55 கோடிக்கு முன், சுடப்பட்டது 55 கோடியில்.

இவ்விடத்தில் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கீழடிக்கு வயது கண்ட கரிமக் கணக்கை இதற்குக் கொள்ளலாகாதோ? ஆகாது. கரிமம் 14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுதான். 50,000 ஆண்டு சென்றால் அளக்க மிஞ்சுவது ஏதுமில்லை. உயிர் இருந்த பொருளுக்கே அது பொருந்தும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்துக் கரிக்குக் கி.மு. 580 என்று 2019-இல் வெளியான அறிக்கை கூறிற்று. ஆழம் வரிசை காட்டியது. கரி ஆண்டு காட்டியது. முறை ஒன்றே, கடிகாரங்கள் வேறு. பாறையின் கடிகாரம் கோடிகளில் ஓடுவது.

அரியலூர் போன்ற படிவுப் பாறைகளுக்குச் சிர்கான் நேராக உதவாது. அதிலுள்ள மணல் வேறு பழைய மலைகளிலிருந்து வந்ததாகையால், மணலின் வயதுதான் கிடைக்கும், படிந்த நாள் கிடைக்காது. படிவு தன்னுள் உள்ள மிக இளைய மணிக்கும் பிந்தியது என்ற அளவே சொல்லலாம். உலகில் எங்கெங்கு அம்மோனைட்டு அடுக்குகளுக்கிடையே எரிமலைச் சாம்பல் விழுந்து படிந்திருக்கிறதோ, அங்கே அச்சாம்பலின் மணிகளை அளந்து, அந்த ஆண்டை அதே அம்மோனைட்டு உள்ள ஏனைய நாட்டு அடுக்குகளுக்கும் கொண்டுசெல்கின்றனர். ஐவர்மலைக் கல்வெட்டின் வேலையைச் சாம்பல் செய்கிறது.

சென்ற ஆண்டு என் பழைய மாணவனைத் திருச்சுழியில் கண்டேன். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வைத்திருக்கிறான். தலை நரைத்துவிட்டது. அன்று நான் சொன்ன முந்நூறு கோடியை அவன் மறக்கவில்லை. கிணற்றுக்குச் சொந்தக்காரர் பலரிடம் சொல்லியும் இருக்கிறான். எனக்கு நாணமாக இருந்தது. தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்து, உங்களுக்குச் சொன்னவற்றை அவனுக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் என் கல் வெந்தது ஐம்பத்தைந்து கோடி, பிறந்தது அதற்கு முன்னால். எவ்வளவு முன்னால் என்பது அந்தக் கல்லையே அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். சரிதானே, சார்?" என்றான். சரி என்றேன்.

"அந்த வெள்ளைக் கீற்று?"

"வரிகளுக்குப் பிந்தியது. அதற்கும் ஆண்டு வேண்டுமானால், அதனுள் சிர்கானோ மோனசைட்டோ ஒரு மணி அகப்பட வேண்டும்."

கல் இன்னும் வீட்டில்தான் இருக்கிறதாம். அவன் தாயார் ஊறுகாய்ச் சாடியின் மூடிமேல் பாரமாக வைத்திருந்தார்களாம். கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.